கோட்டோவிய மாணவர் அய்யாக்கண்ணு

கலைக்குச் சொத்தை எழுதி வைத்த வள்ளல்கள் உலகில் பலர் உண்டு. ஆனால் நில உச்சவரம்பு முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்துக்கு இறங்கிய அதே வாரத்தில் கலைத் தாகத்தால் துடித்தவர், வலங்கைமான் பக்கத்து மிராசுதார் சந்தானகிருஷ்ணன் ஒருவர்தான். பொதுக் காரிய டிரஸ்டின் நிலத்தைச் சட்டம் தொடாது என்பது அவருக்குத் தற்செயலாகத் தெரிந்திருந்தது. வரம்புக்கு மேலிருந்த மூன்று வேலி நஞ்சை ‘காவேரி கலா நிலையம்’ ஆயிற்று.

மாட்டுக் கொட்டகை வகுப்பறை. நெல் சேமித்த கூடம் கண்காட்சி சாலை. வயல் முழுக்கத் ‘திறந்தவெளி ஓவியக்கூடம்’. நடவுப் பெண்கள் குழு நடன மாணவிகள். நாள் முழுக்கக் குனிந்தே ஆடவேண்டிய நடனம். குத்தகை நெல்லுக்குக் ‘குருதட்சிணை’ என்று பெயர்.

அய்யாக்கண்ணுவுக்கு இது ஒன்றும் தெரியாது. அந்த மூன்று வேலியில் ஆறு மா நிலத்தை நாற்பது வருடமாகக் குத்தகைக்கு உழுபவர் அவர். குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் யாரும் வெளியேற்ற முடியாது என்று விவசாய சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். சர்க்கார் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே! மிராசுதாரிடம் கேட்கப் போனார். அவர் முகம் மலர்ந்து ஒரு காகிதத்தை நீட்டினார். அய்யாக்கண்ணு கைநாட்டு வைத்தார். அது மாணவர் சேர்க்கை விண்ணப்பம்.

டிரஸ்டுக்கு நில விலக்குக் கொடுக்கலாமா என்று தாசில்தார் பார்வையிட வந்தார்.

“என்னய்யா பண்றே?”

“உழுவுறேனுங்க.”

“உழவு இல்லே சார், மண்ணுல கோட்டோவியம் பழகறான்” என்றார் மிராசுதார்.

“எத்தனை வருஷமா?”

“நாப்பது வருசமாங்க. எம் பேரைப் பதிவுல ஏத்திவுடுங்க, போதும்.”

“மாணவர் பதிவுல மொதப் பேரே உன்னுதுதான்யா!” தாசில்தாருக்குக் கண் கலங்கியது. “ஆனா சார், ஒருத்தரை ஒரே வகுப்புல நாப்பது வருஷம் போட்டு வைக்கலாமா?”

மிராசுதார் பண்பாளர். தவற்றைத் தாசில்தார் தலைமையில் நடந்த ஆண்டு விழாவிலேயே திருத்திக்கொண்டார். மேடையில் அய்யாக்கண்ணுவுக்குப் பொன்னாடையும் சான்றிதழும் கிடைத்தன. மகள் ராஜம்மாள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்: “முதல் வகுப்பில் தேர்ச்சி. படிப்பு முடிந்தது.”

“அப்ப நாளைக்கு நடவு, சாமி?”

“படிப்பு முடிஞ்சவன் வகுப்புல இருக்கப்படாதுடா. விதி.”

“என் ஏரு?”

ஏர் கண்காட்சியில் இருந்தது, ‘தொடாதீர்கள்’ என்ற அட்டையோடு.

அய்யாக்கண்ணு பொன்னாடையை உருவி மேடையில் போட்டார். “நெலத்தைக் கலைக்குக் குடுத்தேன் குடுத்தேன்னு சொல்றீங்களே! எங்கிட்டேருந்து புடுங்கியில்ல சாமி குடுத்தீங்க! நாப்பது வருசமா சேத்துல கெடந்தவன் நானு!”

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. நாடக வகுப்பும் குறைவின்றி நடைபெறுவதாகக் குறிப்பெழுதிவிட்டு, தாசில்தார் நில விலக்கு உத்தரவில் கையெழுத்திட்டார்.