மஞ்சள் கருவில் ஒரு சிவப்பு வளையம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

நான் நலம். நீங்களும் அக்காவும் நலம் என்று என் மனைவி சொல்கிறாள். அவள் அடிக்கடி உங்கள் வீட்டுக்கு வந்துபோவதால் அதை நம்புகிறேன். நாத்தனாரைப் பார்க்க அவளுக்கு முன்பெல்லாம் இவ்வளவு ஆசை இருந்ததில்லை. அதுவும் கையில் பையோடு. சரி, அது கிடக்கட்டும்.

விஷயம் இதுதான். என் வீட்டில் முட்டை திருடு போகிறது. ஆயுள் முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் வீட்டிலேயே திருட்டு என்றால் நான் எப்படி வெளியே தலைகாட்டுவது? மொட்டை மாடியில் மூன்று கோழிகள் வளர்க்கிறேன். முட்டையிட்டதும் அவை கொக்கரிப்பது தெருமுனைவரை கேட்கிறது. மூச்சிரைக்க மாடியேறிப் பார்த்தால் கூட்டில் சூடு இருக்கிறது, முட்டை இல்லை. மனைவியைக் கேட்டால், "கோழிக்கு வயசாயிடுச்சுங்க, சும்மா கத்துது" என்கிறாள். சும்மா கத்துவதற்கு அது என்ன நானா?

என் சந்தேகம் முழுவதும் மாடி அறையில் குடியிருக்கும் தையல்காரர்மேல்தான். மனிதருடைய கன்னம் நாளுக்கு நாள் பளபளக்கிறது. கையும் களவுமாகப் பிடிக்க வழி தேடியபோதுதான், நீங்கள் எப்போதோ எடுத்த விலங்கியல் பாடம் நினைவுக்கு வந்தது. மஞ்சள் கருவுக்கான சரக்கு கோழியின் கல்லீரலில் தயாராகி, ரத்தத்தில் ஏறிப் பயணம் செய்து, சினைப்பையில் வந்து இறங்குகிறது என்றீர்கள். "நடுவுல யாரு செக் பண்றது?" என்று கேட்டேன். வளரும் மஞ்சள் கருவின் மேல்தோலிலேயே அதற்கு ஏற்பாடு இருக்கிறது, சரியான சரக்கைத்தான் உள்ளே விடும் என்றீர்கள். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றன்று வந்த சரக்கு அன்றன்று ஓர் அடுக்காகப் படியுமாம், வெள்ளைக் கருவும் ஓடும் கடைசியில்தான் வந்து சேருமாம். எண்ணெயில் கரைகிற சாயத்தைக் கோழி ஒரு நாள் தின்றால், அந்த நாளின் அடுக்கு மட்டும் அந்த நிறத்தில் நிற்குமாம். குஞ்சாக வளர்வது மேலே இருக்கும் சின்ன வெள்ளைப் புள்ளிதான், மஞ்சளெல்லாம் அதற்குத் தாய் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு, பொரிவதற்கு முன் மிச்சத்தையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே வரும் என்றும் சொன்னீர்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. சாயம் மட்டும் போதும்.

கேக் கடைக்காரரிடம் சாப்பிடுகிற சிவப்புச் சாயம் வாங்கி, எண்ணெயில் குழைத்து, ஒரே ஒரு நாள் தீவனத்தில் கலந்தேன். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. உங்களிடம் மட்டும் தொலைபேசியில் சொன்னேன். நீங்களோ, "எதுக்கு மச்சான் வேண்டாத வேலை? போனா போகுது, முட்டைதானே" என்றீர்கள். குரல் வேறு நடுங்கியது. காலமெல்லாம் மாணவர்களைச் சோதனை செய்யச் சொன்னவர் ஒரு சோதனைக்கு ஏன் பயப்பட வேண்டும்? அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

சில நாள் கழித்து, திருடனுக்குத் தப்பி என் கைக்கு வந்த ஒரு முட்டையை அவித்து, நூலால் அறுத்துப் பார்த்தேன். மஞ்சளுக்குள் மெல்லியதாக ஒரு சிவப்பு வளையம்! நூலைச் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே தையல்காரர் அறைக்குள் நுழைந்தேன். அவர் அப்போதுதான் அவித்த முட்டையை வாய்க்குக் கொண்டுபோனார். பிடுங்கி அறுத்தேன். வளையம் இல்லை. இன்னொன்றையும் அறுத்தேன், அதிலும் இல்லை. "சொந்த மாப்பிள்ளைகிட்டயே டிக்கெட் கேட்ட ஆளாச்சே சார் நீங்க, என் முட்டையை விடுவீங்களா?" என்றார். அதற்குப் பிறகு அவர் தைத்துக் கொடுத்த கால்சட்டை கணுக்காலுக்கு மேலேயே நிற்கிறது. இதில் சதி இருக்கிறது.

நீங்களே சொல்லுங்கள் அத்தான், நான் செய்தது அப்படி என்ன தப்பு? கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை மகளோடு முதன்முதலாக வந்தார். பிளாட்பாரத்திலேயே டிக்கெட்டைக் காட்டச் சொன்னேன். பழக்கம். காட்ட வேண்டியதுதானே? அவர் ஒவ்வொரு பையாகத் துழாவுகிறார், கூட்டம் கூடிவிட்டது, நான் அபராதம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். டிக்கெட் அப்புறம் அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருந்தது. அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போன மகள் இன்றுவரை என்னோடு பேசவில்லை. போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடுகிறேன். அவளாக இருப்பதே இல்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது அத்தான். அந்தக் கோழிகள்கூட இல்லையென்றால் எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கும்.

ஆகவே, தையல்காரர்மேல் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்போகிறேன். அவர் முட்டையை மாற்றிவிட்டார் என்பது என் கட்சி. வளையத்தைப் பற்றி நீங்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் மட்டுமே நம்பிக்கை என்றிருக்கும்
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். தபாலில் போட்டால் யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்று கடிதத்தை நேரில் கொண்டுவந்தேன். வாசலில் என் தலையைக் கண்டதும் நீங்கள் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டீர்கள். உங்கள் சாப்பாட்டு மேசையில் அவித்த முட்டை ஒன்றின் பாதி இருந்தது. அதில் சிவப்பு வளையம். அதற்கு முன்னால், மேடிட்ட வயிற்றோடு என் மகள். பக்கத்தில், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்த என் மனைவி, பையோடு. "டாக்டர் நல்லா சாப்பிடச் சொல்லியிருக்காரு. புள்ளைக்கு நான் கட்டிக் குடுக்காம வேற யாரு குடுப்பா?" என்று என்னையே அதட்டினாள். எங்கள் இருவரில் மகள்தான் முதலில் பேசினாள்: "உள்ள இருக்கற ஆளுக்கும் டிக்கெட் கேப்பீங்களாப்பா?" "அஞ்சு வயசுக்குக் கீழ டிக்கெட் கிடையாதும்மா" என்றேன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

இதைக் குளியலறைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன், படித்துவிட்டு வெளியே வாருங்கள். மாப்பிள்ளை மாலை வண்டியில் வருகிறாராம். அழைத்துவர நான்தான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். கேட்காமல் இருப்பேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. தயவுசெய்து நீங்களும் கூட வந்து என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.