சத்தக் குழுத் தலைவரின் தொப்பை

இன்டர்காம் அலறியபோது மேங் தேசிக் அந்தரத்தில் இருந்தார்.

இரண்டு கைகளும் தலைக்கு மேலே. இரண்டு கால்களும் தரைக்கு மேலே. தொப்பை மட்டும் முந்தைய குதிப்பிலிருந்து இன்னும் திரும்பி வராமல் நடுவழியில் இருந்தது.

"இன்னும் பதினாறு!" என்று டிவி திரையிலிருந்து கத்தினான் கோச் ரியோ. "தொப்பை அழட்டும், நீங்க சிரிங்க!"

தேசிக் 'தொம்' என்று இறங்கினார். சிரிக்கவில்லை. டிவியை ஊமையாக்கிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினார்.

"தலைவரே, வாசல்லேருந்து பியோ பேசுறேன்." கீழே காவலர் அறையில் இருக்கும் பியோவுக்கு அவர் எப்போதும் தலைவர்தான். "உங்க வரிசைல ஒரு புகார் வந்திருக்கு. 1102, ஓக்பூன் அம்மா."

"என்னவாம்?"

"மேலேருந்து சத்தம். நேத்துக் காலைல ஏழு இருபத்தஞ்சு. குதிக்கிற சத்தம்னு டிக் போட்டிருக்காங்க. தொந்தரவு 'கொஞ்சம்'."

தேசிக்கின் வீடு 1202. ஓக்பூன் அம்மாளின் தலைக்கு நேர் மேலே.

இதில் சாதாரண மனிதனுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் சுவோன் நகரில், ஏன் கொரியா முழுவதிலுமே, மாடிக்கு மாடி சத்தத் தகராறு இல்லாத குடியிருப்பு கிடையாது. ஆனால் தேசிக் சாதாரண மனிதர் அல்ல. 107ஆம் கட்டடத்தின் சத்தக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். "வீட்டுக்குள் பூனையைப் போல் நடப்போம்" என்று லிஃப்டில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் பூனைக்குப் பக்கத்தில் இருக்கும் முகம் அவருடையது.

புகார்ச் சீட்டும் அவருடைய கண்டுபிடிப்புதான். முன்பெல்லாம் அதில் எழுத இடம் இருந்தது. 804காரர் மேல் வீட்டம்மாவை நீர்யானை என்று வர்ணித்து இரண்டு பக்கம் எழுதினார். போலீஸ் வந்தது. அதற்குப் பிறகு தேசிக் எழுதும் இடத்தையே எடுத்துவிட்டார். என்ன சத்தம், எத்தனை மணி, தொந்தரவு கொஞ்சமா, நிறையவா, தாங்க முடியவில்லையா? டிக் போட வேண்டும், பெட்டியில் போட வேண்டும். யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. சத்தத்தைப் பற்றி லிஃப்டில் பேசக்கூடக் கூடாது. மூன்று வருடமாகச் சண்டையே இல்லை. பேச்சும் இல்லை.

"யாரா இருக்கும், தலைவரே?" என்றார் பியோ.

'நான்தான்' என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் தேசிக்குக்குத் தெரிந்தது அந்தப் பூனைப் படம்தான்.

"காங்கிரீட்டுல சத்தம் எங்கேருந்து வருதுன்னு சொல்ல முடியாதுண்ணே," என்றார். பிறகு, ஏன் சொன்னோம் என்று தெரியாமலே, "1302-ல சின்னப் புள்ளை இருக்கில்ல?" என்றும் சொன்னார்.

"அதானே! நான் சொல்லிடுறேன். உங்க பதிவையும் ஒரு தடவை போட்டு விடுறேன்."

அரை நிமிடத்தில், வீட்டுக்கு வீடு இருக்கும் கூரை ஒலிபெருக்கியில் தேசிக்கின் சொந்தக் குரல் கணீரென்று கேட்டது. "அன்பார்ந்த குடியிருப்பாளர்களே! உங்கள் தரை, இன்னொருவரின் கூரை..."

வியர்வை சொட்டச் சொட்ட, கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, தனக்குத் தானே சொன்ன அறிவுரையை நின்று கேட்டார்.

"நல்லாப் பேசியிருக்கீங்க," என்றாள் அவர் மனைவி ஹ்யோன்சுக், சமையலறையிலிருந்து. "யாரோ திருந்தாத ஜென்மத்துக்குச் சொல்ற மாதிரியே இருக்கு."

"நான் என்ன ஆசைப்பட்டா குதிக்கிறேன்? கல்லீரல்ல கொழுப்புன்னு ஆபீஸ் பரிசோதனையில சிவப்பு மையில வந்துச்சே."

"அதுக்கு ஜிம் இருக்கு."

"அங்க எங்க செக்‌ஷன் பசங்க எல்லாம் வர்றாங்க. அவங்க முன்னாடி இதை ஆட்டிக்கிட்டு ஓடச் சொல்றியா?"

அதனால்தான் உடற்பயிற்சிச் செயலி. மாதச் சந்தா கட்டினால் வீட்டுக்குள்ளேயே, யார் கண்ணிலும் படாமல், கோச் ரியோ உங்களை அவமானப்படுத்துவான். யார் கண்ணிலும் படாமல் என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. காதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அன்று அலுவலக ரயிலில் தேசிக் ஆழ்ந்து யோசித்தார். பத்து நாளாக ஏழு மணிக்குக் குதித்தும் ஒரு புகார் இல்லை. நேற்று அசந்து தூங்கி, ஏழு இருபத்தைந்துக்குத் தொடங்கினார். உடனே புகார். அப்படியானால் என்ன அர்த்தம்? ஏழு மணிக்கு ஓக்பூன் அம்மாள் தூக்கத்தில் இருக்கிறாள், ஏழு இருபத்தைந்துக்கு விழித்துக்கொள்கிறாள். ஆகவே இன்னும் சீக்கிரம் குதித்தால் இன்னும் நல்லது.

மறுநாள் ஆறு மணிக்கே குதித்தார்.

மாலையில் பியோ அழைத்தார். "தலைவரே, மறுபடி 1102. காலைல ஆறு மணி. 'நிறைய'-ல டிக்."

"நிறையவா?"

"ரெண்டு தடவை போட்டிருக்காங்க. சீட்டு கிழிஞ்சிருக்கு."

தேசிக்குக்கு அடிவயிற்றில் ஏதோ கரைந்தது. கொழுப்பு அல்ல. ஓக்பூன் அம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது. தனியாக இருக்கிறாள். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "தலைவர் இருக்கறதால நிம்மதியா இருக்கோம்" என்பாள். அவளை விடியற்காலையில் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைத்துவிட்டோமே என்று வெட்கத்தில் காது சிவந்தது.

"விட்டுத் தொலைங்களேன்," என்றாள் ஹ்யோன்சுக்.

"விட்டா ரியோ விட மாட்டேங்கிறானே." போனைக் காட்டினார். ஒரு நாள் தவறினாலும் செய்தி வந்துவிடும்: 'இன்று உங்களைக் காணோம். உங்கள் தொப்பை மட்டும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது.'

அடுத்து மெத்தை வைத்தியம். மீண்டும் ஏழு மணிக்கே மாற்றிக்கொண்டார். வரவேற்பறையில் குளிர்கால மெத்தைகள் மூன்று, அதன் மேல் ஹ்யோன்சுக்கின் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த பட்டுப் போர்வை, அதன் மேல் தேசிக். டிவி சத்தத்தை எறும்பு பேசும் அளவுக்குக் குறைத்தார். குதித்தால் அவருக்கே கேட்கவில்லை. இரண்டு முறை கணுக்கால் மடங்கியது. ஒருமுறை போர்வையோடு சறுக்கி சோபாவுக்கு அடியில் போனார். ஆனால் சத்தம்? சுத்தமாக இல்லை.

"பார்த்தியா?" என்றார் சோபாவுக்கு அடியிலிருந்து. "பூனை."

"பூனை போர்வையைக் கிழிச்சிடுச்சு," என்றாள் ஹ்யோன்சுக்.

அன்று பியோ இன்டர்காமில் அழைக்கவில்லை. தேசிக் வேலை முடிந்து திரும்பும்போது வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தலைவரே, போச்சு. 'தாங்க முடியவில்லை'."

"என்னது?"

"டிக் கூட இல்லை. வட்டம். சிவப்புப் பேனா."

தேசிக் சீட்டை வாங்கிப் பார்த்தார். இந்தக் கிழவிக்கு என்ன வௌவால் காதா?

"உங்க விதிப்படி," என்று தொண்டையைச் செருமினார் பியோ, "இந்தக் கட்டத்துக்கு வந்துட்டா சனிக்கிழமை கூட்டம் போடணும். சத்தம் போட்ட வீட்டுக்காரங்க எல்லாருக்கும் முன்னாடி எழுந்து நின்னு மன்னிப்பு கேக்கணும். 1302-க்குச் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்களா?"

"நீங்கதானே சொன்னீங்க, அங்க புள்ளை இருக்குன்னு."

வியாழக்கிழமை மாலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் 1302-இல் இருக்கும் சேரின். முப்பது வயதுகூட இருக்காது. கையில் ஸ்ட்ராபெரிப் பெட்டி. பக்கத்தில் அவள் நான்கு வயதுப் பெண் யூல்.

சேரின் இடுப்பு வரை குனிந்தாள். "மன்னிச்சுக்குங்க சார். கீழ் வீடுகளுக்கும் நேர்ல போய்க் கேட்டிருப்பேன். கதவைத் தட்டக் கூடாதுங்கிறது உங்க விதி. அதான் உங்ககிட்ட மட்டும் வந்தேன்."

"ஐயோ, இதெல்லாம் எதுக்கும்மா..."

"காலைல இவ தூங்கிட்டுத்தான் இருக்கா. அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். ஆனா நீங்களே சொல்லியிருக்கீங்கன்னா எனக்குத் தெரியாம எழுந்து ஓடுறா போல. யூல், தலைவர் தாத்தாவுக்கு நடந்து காட்டு."

தாத்தா என்றதை தேசிக் விழுங்கிக்கொண்டார். யூல் நடந்து காட்டினாள். இரண்டு கைகளையும் விரித்து, நுனிவிரலில், மூச்சைக்கூட விடாமல், வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. திரும்பி வந்து கேட்டாள்:

"நான் சத்தம் போட்டேனா?"

"இல்லம்மா," என்றார் தேசிக்.

"இனிமே வெறும் மண்டையை மட்டும் ஆட்டிக்கிறேன். டான்ஸ் ஆட மாட்டேன்."

"தரைத்தளத்துல வீடு பாத்துட்டோம் சார்," என்றாள் சேரின். "ஞாயித்துக்கிழமை ஒப்பந்தம் போடப்போறோம். பாதாள அறை மாதிரி இருட்டுதான். ஆனா இவ காலை ஊணி நடக்கலாமில்ல."

அவர்கள் போன பிறகு தேசிக் ஸ்ட்ராபெரிப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பழமும் பெரிதாக, சிவப்பாக, துடைத்து அடுக்கியதாக இருந்தது. மலிவான பழம் வாங்கி வந்திருக்கக் கூடாதா, பாவி மகள்.

ஹ்யோன்சுக் கிழிந்த பட்டுப் போர்வையைத் தைத்துக்கொண்டிருந்தாள். "சனிக்கிழமை நானும் வர்றேன்," என்றாள். "உங்களைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

அன்றிரவே சந்தாவை ரத்து செய்தார். 'நிஜமாகவே போகிறீர்களா?' என்று செயலி மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் ஆமாம் என்றார். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மெத்தைகளின் மேல் அசையாமல் படுத்து, கூரையைப் பார்த்தார். மேல் வீட்டிலிருந்து ஒரு சின்ன சத்தம்கூட இல்லை. நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அப்படி ஒரு நிசப்தம்.

சாயங்காலம் பியோ சொன்னார்: "ஓக்பூன் அம்மா இன்னைக்கும் வந்தாங்க. சீட்டைப் பாத்தாங்க. டிக் போட இதுல கட்டமே இல்லைன்னு தூக்கிப் போட்டுட்டாங்க. நாளைக்கு நேர்ல பேசிக்கிறாங்களாம்."

சனிக்கிழமை பத்து மணிக்கு நிர்வாக அலுவலக அறையில், ஒன்றின் மேல் ஒன்றாக 02 என்று முடியும் வீடுகளின் வரிசை முழுதும் கூடியிருந்தது. மடக்கு நாற்காலிகள், பார்லித் தேநீர், விறைப்பான முகங்கள். முன்வரிசையில் ஓக்பூன் அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். ஓரத்தில் சேரின், குனிந்த தலையோடு. யூல் காலணியைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு நின்றிருந்தாள்.

"1302 எழுந்து..." என்று தொடங்கினார் பியோ.

சேரின் எழுந்தாள்.

"உக்காரும்மா!" தேசிக்கின் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. முன்னால் வந்து நின்றார். பின்னால் யாரோ சட்டையைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. ஹ்யோன்சுக்தான், உண்மையிலேயே பிடித்திருந்தாள்.

"அந்தப் புள்ளை குதிக்கலை. நான் குதிச்சேன்."

பியோ புகார்ச் சீட்டை மேசையில் வைத்தார்.

"உடற்பயிற்சிச் செயலி. தினம் அரை மணி நேரம். இந்த..." என்று தன் வயிற்றைக் காட்டினார், "இதுக்காக. மாட்டிக்கிட்டா மானம் போயிடுமேன்னு, ஒரு பச்சைக் குழந்தை மேல பழியைப் போட்டேன். அதை நினைச்சா எனக்கே என்னைப் பிடிக்கலை. சுவரொட்டியைக் கிழிச்சுடுங்க. தலைவர் பதவியும் வேண்டாம். சேரின், நீ வீடு மாத்தாதேம்மா. மாத்துறதா இருந்தா நான் மாத்துறேன்."

அவர் தரையை நோக்கிக் குனிந்தார். தொப்பை அனுமதித்த வரைக்கும்.

"அப்ப நான் ஆடலாமா?" என்று யூல் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. சேரின் சிரித்தாளா அழுதாளா என்று குனிந்திருந்தவருக்குத் தெரியவில்லை.

"இனிமே ஒரு சத்தமும் வராது," என்றார் தரையைப் பார்த்தபடியே. "சந்தாவையும் ரத்து பண்ணிட்டேன்."

"ரத்தா!" என்று ஆறேழு குரல்கள் ஒரே நேரத்தில் அலறின.

ஓக்பூன் அம்மாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஏன்யா, குளியலறைக் குழாய் வழியா அந்தக் கோச் பையன் குரலையும் கூரை வழியா உம்ம தொம்மு தொம்மையும் கேட்டு எண்ணிக்கிட்டு என் வீட்டுல தினம் ஏழு மணிக்கு எட்டுப் பேர் குதிக்கிறோம், நீர் ஒரு நாள் லேட்டா வந்தீர், ஒரு நாள் ஆறு மணிக்கே குதிச்சு முடிச்சீர், ஒரு நாள் சத்தமே காணோம்னுதான் புகார் குடுத்தேன், இப்ப ரத்து பண்ணிட்டேங்கிறீரே, பாதி கரைஞ்ச தொப்பையோட நாங்க எங்கய்யா போறது?"