ஆறு அங்குல வைஸ்

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் மாட்டுங்கா ஜம்பு தன் இஷ்டத்துக்கு வாங்கிய ஒரே பொருள் பல்குச்சி. மிச்சமெல்லாம் விஜயலக்ஷ்மியின் தேர்வு, அவர் போட்டிருக்கும் சட்டை உட்பட. வைஸ் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தார்.

வைஸ் என்றால், சாமானைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் இரும்புத் தாடை. குடைக்கம்பி நிமிர்த்துவது, சாவி ராவுவது, இவ்வளவுதான் ஜம்புவின் பட்டறை வேலை. அதற்கு மேஜை விளிம்பில் மாட்டுகிற மூணு அங்குலமே அதிகம் என்றாள் அவள். ஜம்புவுக்கோ ஆறு அங்குலம் வேண்டும். பால்கனியில் அது உட்கார்ந்தால் எதிர் பில்டிங் சாய்நாத் வாயடைத்துப் போகமாட்டானா!

ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போய், ஹார்டுவேர் கடை பேச்சிராஜாவிடம் ரகசியமாக ஏற்பாடு செய்தார்.

"சனிக்கிழமை ஆத்துக்காரியோட வருவேன். சின்னது கேட்டா ஸ்டாக் இல்லைன்னு சொல்லிடணும்."

"பக்கா சார். இல்லன்னுதான் சொல்லுவேன்."

சனிக்கிழமை வந்தது. கடையில் விஜயலக்ஷ்மி சின்னதைப் பற்றி மூச்சே விடவில்லை. பெரிய வைஸின் கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்தாள். தாடைகளுக்கு நடுவே ஒரு காகிதத்தை வைத்து இறுக்கி, இரண்டு முனையிலும் இழுத்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கடிக்கறது. நல்ல சாமான்."

ஜம்பு பிரமித்துப் போனார். அவர் பெயிண்ட் கலரைத் தவிர வேறெதையும் பார்த்திருக்கவில்லை.

"ஏன்னா, இதையே எடுத்துக்கலாம்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். தூக்கிக்கோங்கோ. டாக்ஸி நம்மாத்து வாசல்வரைக்கும் வரும். அப்புறம் மூணு மாடி, உங்க பாடு."

ஜம்பு மூச்சைப் பிடித்துத் தூக்கினார். இருபது கிலோ இரும்பு முழங்கால் வரை வந்தது. அதற்குமேல் வந்தது அவருடைய இடுப்பிலிருந்து ஒரு சத்தம்தான். மெதுவாகக் கீழே வைத்தார்.

"பேச்சிராஜா, சின்னதா ஒண்ணு காட்டேன்."

"இல்ல சார்."

ஜம்பு கண்ணடித்தார்.

"இல்லவே இல்ல சார்."

இரண்டு கண்ணையும் சேர்த்து அடித்தார்.

"கண்ணுல தூசியா சார்? தண்ணி தரட்டா?"

ஜம்பு அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "அந்த ஏற்பாடு கேன்சல்டா. எடு."

"நெசமாவே இல்ல சார். இருந்த ஒண்ணையும் திங்கக்கிழமை மாமி வந்து வாங்கிட்டுப் போயிட்டாவ. சார் என்ன சொல்லிட்டுப் போனாருன்னு கேட்டாவ. அவுக கிட்டப் பொய் சொல்ல வாய் வரல, எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

ஜம்பு திரும்பிப் பார்த்தார். விஜயலக்ஷ்மி கடை வாசலில் நின்று டாக்ஸிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்ன மூளை இவளுக்கு, ஒரு கம்பெனியையே நடத்தலாம் என்றுதான் தோன்றியது.

"வாங்கின அன்னிக்கே சொல்லியிருக்கலாமே விஜி. என் இடுப்பாவது பிழைச்சிருக்கும்."

"சொல்லியிருந்தா, எல்லாம் உன் இஷ்டம்னு வருஷம் பூரா முணுமுணுப்பேள். இப்போ சின்னதுதான் வேணும்னு நீங்களே வாய்விட்டுக் கேட்டாச்சு. பேச்சிராஜா சாட்சி."