மெயின் சுவிட்சுக்குக் காவல்

"அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேன்."

"நிஜமா?"

ஏணியின் உச்சியிலிருந்து சலவைக்கடைக்காரர் மூன்றாவது முறையாகக் கேட்டார். கடை வாசலில் இருந்த நியான் போர்டின் டிரான்ஸ்பார்மர் நேற்று கருகிப்போயிருந்தது. பத்தாயிரம் வோல்ட் சமாசாரம். புதியதை மாட்டி முடிக்கும்வரை மெயின் சுவிட்சை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது மனைவியின் பொறுப்பு.

இருபத்திரண்டு வருஷத்தில் அவளை நம்பி அவர் ஒப்படைத்த முதல் பொருள், அவருடைய உயிர்.

"அக்கா, என் பேண்ட்டு?"

இடுப்பில் துண்டோடு நின்றார் வாடிக்கையாளர். டீ கொட்டிய பேண்ட் மெஷினுக்குள் பாதித் துவையலில் மாட்டிக்கொண்டிருந்தது. "ரெண்டு மணிக்கு இன்டர்வியூ, அக்கா!"

பொறுமையிழந்து மெஷின் கதவை இழுத்தார். கைப்பிடி கையோடு வந்தது.

"ஒரே நிமிஷம் போட்டு அணைச்சிடலாம்" என்று சுவிட்சுக்குக் கை நீட்டினார். அவள் ஓங்கித் தட்டிவிட்டாள். துண்டு நழுவியது.

"அங்க என்ன சத்தம்? சுவிட்ச் பத்திரம், கண்ணு!"

கண்ணு! கல்யாணமான புதிதில் கேட்ட சொல். அதிகாரம் இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"என் விரல் சுவிட்ச் மேலதாங்க இருக்கு. உங்க தங்கச்சி என் சமையலைக் கிண்டல் பண்ணப்போ ஏன் சிரிச்சீங்க?"

ஏணி ஆடியது. "தப்புதான்."

"எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ரெண்டே தடவைதான் எட்டிப் பார்த்தீங்க."

திருகாணி முடுக்கும் சத்தம் நின்றது.

"அந்த ஆஸ்பத்திரி வாசனைன்னா எனக்குப் பயம். உன்கிட்ட சொல்ல வெக்கம். வந்திருக்கணும்."

அவள் விரல் சுவிட்சிலிருந்து இறங்கியது. ஜெயிக்கத்தான் நினைத்தாள், இதை எதிர்பார்க்கவில்லை.

"நம்பாதீங்கக்கா," என்று துண்டுக்காரர் கிசுகிசுத்தார். "உயிர்ப் பயத்துல கேக்குற மன்னிப்பு. கீழ இறங்கினா செல்லாது."

அதுவும் உண்மைதானே. அவளுக்குச் சப்பென்றாகிவிட்டது.

"முடிஞ்சுது! போடு!"

போட்டாள். மெஷின் சுழன்றது. துண்டுக்காரர் கைதட்டினார். போர்டு மட்டும் இருண்டே கிடந்தது.

"இதுக்குத்தானா இவ்வளவு பாடு?" என்றபடி வெளியே வந்தாள். இறங்கிவிட்டிருந்த கணவர், அவள் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

பக்கத்துத் தையல்கடைக்காரி மூடிய கையோடு ஓடிவந்தாள்.

"அண்ணே, போர்டு ஃபியூஸ் வேணாமா? காலையில கழட்டிக் குடுத்து, 'இது உங்க கையில இருக்கிற வரைக்கும், யாரு மெயினைப் போட்டாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது'ன்னு சொன்னீங்களே!"