கொக்குவில் முரசுப்புழு மகாத்மியம்

கொக்குவிலில் தண்டவாளத்துக்குப் பக்கத்து வளவொன்றில் ஒரு மாதமாகத் திருவிழா. சாமி இல்லை, தேர் இல்லை, வாய்தான் உண்டு. வீங்கிய வாய், நாறும் வாய், இரத்தம் வடியும் வாய். எல்லாம் மூலிகைச் சித்தர் கனகசபாபதியைத் தேடி வந்த வாய்கள். சித்தர் போன வருடம் வரை கைபேசிக்கு உறை விற்றவர். யாருக்கு எப்போது ஞானம் பிறக்கும் என்று யார் கண்டது?

வைத்தியம் இதுதான். தண்ணீர்ச் சட்டிக்குள் ஒரு செங்கல். அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டு. இரும்பில் நெய் பிசைந்த கண்டங்கத்தரி விதையைத் தூவி, புனல் பொருத்திய மூடியால் மூடுவார். நோயாளி புனலின் குழாயை வாயில் வைத்துப் புகையை இழுக்க வேண்டும். புகை அடங்கியதும் மூடியைத் திறந்தால் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் புழு மிதக்கும். முரசை, அதாவது பல்லீறை, இவ்வளவு நாளும் அரித்துத் தின்ற புழுக்கள் குழாய் வழியே இறங்கியிருக்கின்றனவாம்!

சனம் சும்மா இருக்குமா? புழுவை ஜாம் போத்தலில் அள்ளிப் படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்பியது. "எனக்குப் பன்னிரண்டு", "எங்கடை இவருக்கு இருபத்தொண்டு" என்று கோயில் வாசலிலும் அதே கதை. பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேற்றைக்கூட இவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.

கொழும்புத்துறை உதயகலாவுக்குப் பதினெட்டுப் புழு. நாற்பது வயது, நீரிழிவுக்காரி. பல் துலக்கினால் இரத்தம். முன்பல் இரண்டு ஆடத் தொடங்கியிருந்தன. பல் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரியில் திகதி கொடுத்திருந்தார்கள்.

"முரசிலை இரும்பு பட்டால் புழு பெருகும், பிள்ளை. அங்கை போகாதை" என்றார் சித்தர். இரும்பைக் காய்ச்சிப் பிழைக்கிறவர் சொல்கிறார்! திகதி போயிற்று. மூன்றாவது பல்லும் ஆடியது.

பக்கத்து வீட்டுக் குணலட்சுமிக்கு இதைக் கேட்டுப் பொறுக்கவில்லை. கருவாடு விற்கிறவள். இதே முரசு நோயில் தன் பல் முழுவதையும் பறிகொடுத்துப் பொய்ப்பல் போட்டிருக்கிறவள். அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

"நானும் வாறன். எனக்கும் முரசு நோகுது" என்று உதயகலாவோடு போனாள்.

புகை இழுத்தாள். மூடி திறந்தது. பதினாலு புழு.

"பாத்தியளோ! வலப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்குள்ளை குடும்பமே நடத்தியிருக்கு" என்றார் சித்தர்.

குணலட்சுமி வாய்க்குள் கைவிட்டு மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் கழற்றிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எந்தக் கடைவாய்ப் பல்லு ஐயா? இதிலை தொட்டுக் காட்டுங்கோ."

சனம் கொல்லென்று சிரித்தது. சித்தர் சளைக்கவில்லை. "பல்லு பொய்யெண்டாலும் முரசு மெய்தானே அம்மா? புழு முரசிலையிருந்து வந்தது."

சிரித்த சனமே, "ஓம் ஓம், அதுவும் சரிதானே" என்றது. தலையாட்டுவதில் எங்கள் ஆட்களை வெல்ல முடியுமா?

"நான் முப்பது வருசமாக் கருவாடு விக்கிறன். புழுவெண்டால் நெளியும். உது நெளியேல்லையே?"

"புகைக்குச் செத்துப்போச்சு."

"நல்லது. இன்னொருக்காப் போடுவம். இந்தமுறை ஒருத்தரும் வாய் வைக்க வேண்டாம்."

சித்தரின் முகம் கறுத்தது. "ஆளில்லாமல் செய்தால் மூலிகை கோவிக்கும்!"

"கோவிச்சு என்ரை பல்லைப் பிடுங்கட்டும்."

சட்டித் தண்ணீரைக் கொட்டிப் புதுத்தண்ணீர் ஊற்றினாள். அடுப்பில் பழுத்துக் கிடந்த அடுத்த இரும்பைக் குறட்டால் எடுத்துச் செங்கலில் வைத்தாள். விதையைத் தூவினாள்; மூடினாள். குழாயின் முனையில் காற்றுத்தான் இருந்தது. புகை அடங்கியதும் திறந்தாள். பதினாறு புழு!

"காத்துக்கும் முரசு வருத்தமோ ஐயா?"

சனம் சட்டிக்குள் எட்டிப் பார்த்தது. சூட்டில் விதை வெடித்து உள்ளிருந்த முளை தண்ணீரில் தெறித்திருக்கிறது. அதைத்தான் இவ்வளவு பேரும் போத்தலில் வைத்துப் பூசிக்காத குறையாகக் கொண்டாடினார்கள். 'தியானத்துக்கு நேரமாச்சு' என்று உள்ளே போன சித்தர் பின்மதில் ஏறிக் குதித்துவிட்டார்.

உதயகலா அழுதாள். "அக்கா, என்ரை பல்லு?"

"நான் முழுக்கக் குடுத்திட்டன். நீ மிச்சத்தையெண்டாலும் காப்பாத்து. நட, ஆஸ்பத்திரிக்கு."

ஆடிய மூன்றும் போயின, மற்றவை தப்பின. சுத்தம் செய்த பல் வைத்தியர் சொன்னார்: "உப்புத்தண்ணியிலை கொப்பளியுங்கோ. வேப்பங்குச்சி விருப்பமெண்டால் பாவியுங்கோ, துணைக்கு உதவும். ஆனால் பல்லிலை இறுகின ஊத்தையை நாங்கள்தான் எடுக்கவேணும். சீனி வருத்தத்தையும் கட்டுப்படுத்துங்கோ."

செடி யாரையும் ஏமாற்றவில்லை. செடியின் பெயரைச் சொல்லி ஒருவன் ஏமாற்றினான். நாங்கள் வரிசையில் நின்று ஏமாந்தோம்.

இப்போது அரியாலையில் தேங்காய் உருட்டிப் பல்வலி இறக்கும் அம்மா ஒருவர் வந்திருக்கிறாராம். வரிசை றோட்டு வரை நிற்கிறதாம். அங்கே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் பெருமக்களே, வாய்தான் திறந்திருக்கிறதே. அப்படியே ஒரு கேள்வியையும் கேட்டுத் தொலையுங்களேன்!