மாப்பானை போட்ட பூட்டு

பாம்பு வளர்ப்பதில் ஒரு கஷ்டமும் கிடையாது. அதே வீட்டில் இருக்கும் மனிதர்களைச் சமாளிப்பதில்தான் சீவன் போய்விடும். எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேர்னின் ஒரு பனிக்காலம் முழுக்க இதை அனுபவித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். என் குடும்பம் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்லும். அவர்களை நம்ப வேண்டாம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அண்ணாவின் வீட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டு, பல்கலைக்கழக விலங்கியல் பிரிவில் ஆய்வுகூட உதவியாளராக வேலை செய்தேன். அங்கே என்னோடு வேலை செய்த பீட்டர் வெளிநாடு போகப் புறப்பட்டபோது, தன் குட்டி மலைப்பாம்பை யாரிடம் விடுவது என்று கவலைப்பட்டான். எங்கள் ஊரில் வெங்கிணாந்தி என்போமே, அதன் ஒஸ்ரேலியச் சொந்தக்காரன். என் கை நீளம்தான் இருக்கும். விஷம் கிடையாது. உடம்பு முழுக்கப் பாய் பின்னியது போலக் கோலம். ஆய்வுகூடத்தில் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் கையை நீட்டினேன். (பெரிய வீராங்கனை என்று நினைப்பு!) சட்டப்படி எடுக்க வேண்டிய அனுமதியும் எடுத்தேன். நான் ஒன்றும் களவாகப் பாம்பு வைத்திருக்கவில்லை.

அதற்குச் செல்லத்துரை என்று பெயர் வைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

அண்ணாவிடம் "இது வேலைத்தல விசயம்" என்றேன். வேலை என்ற சொல்லுக்கு அண்ணா எழுந்து நின்று மரியாதை கொடுப்பார். அண்ணாவின் மனைவி, என் மச்சாள், அப்படி மயங்குகிற ஆள் இல்லை.

"எடியே, உனக்கு விசரோ? ஊரில பாம்பைக் கண்டா ஆக்கள் தடியெடுப்பினம். நீ தட்டெடுத்துச் சாப்பாடு வைக்கப் போறியோ?"

"அது ஆரையும் கடிக்காது மச்சாள்."

"கடிச்சாப் பிறகு சொல்லு!"

பாம்புக்கு வீடு அமைப்பதைப் பற்றிப் பீட்டர் எனக்குப் பாடமே எடுத்திருந்தான். பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருக்க வேண்டும், எங்கே படுப்பது என்பதை அது தானே தீர்மானிக்கும். ஒளிந்துகொள்ள இருட்டான மூலை வேண்டும். தண்ணீர் வேண்டும். மூடி இறுக்கமாகப் பூட்ட வேண்டும், ஏனென்றால் தலை போகிற இடத்தால் முழுப் பாம்பும் போய்விடும். நான் பலகை வாங்கி, அறுத்து, முன்பக்கம் கண்ணாடி பொருத்தி, என் கையாலேயே பெட்டி செய்தேன். உடைந்த பூச்சாடியைக் கவிழ்த்து வைத்தேன். யூக்கலிப்டஸ் கிளை ஒன்றைக் குறுக்கே செருகினேன். ஒரு மூலையில் மின்குமிழ் மாட்டி, வெப்பமானி தொங்கவிட்டேன். நான் இருந்த அறையை விட அது நல்ல அறை. என் அறையில் வெப்பமானி கூட இல்லை.

மூடிக்குக் கொளுக்கி மட்டும் போடவில்லை. சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகளெல்லாம் மூடிவிடும். நான் படுக்கையை விட்டு எழும்புவதே மத்தியானம். வருகிற கிழமை பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். வேறு எல்லாம் சரியாகச் செய்த ஒருத்திக்கு இது ஒரு பிழையா?

உண்மையான பிழை அண்ணாவின் விரலில் இருந்தது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு மூச்சு முட்டும். நான் வேலைக்குப் போனதும் என் அறைக்குள் கையை மட்டும் நீட்டி, சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார்.

"அண்ணா, அது லைற் இல்லை. அவன்ர அடுப்பு!"

"ஓம் ஓம், மறந்துபோனன்" என்பார். அடுத்த நாளும் அணைப்பார். சுவிட்சின் மேல் காகிதம் ஒட்டினேன். காகிதம் கசங்காமல் பக்குவமாக அணைத்தார்.

செல்லத்துரை சாப்பிடுவதை நிறுத்தினான். குளிரில் பாம்புக்கு வயிறு வேலை செய்யாது. பூச்சாடிக்குள் சுருண்டவன் அசையவே இல்லை. தொட்டால் குழாய்த் தண்ணீர் மாதிரிச் சில்லென்றிருந்தான். பீட்டர் புறப்படுவதற்கு முன் வந்து பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் செத்துப்போவான் என்றான். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஒரு பாம்பு என்னை நம்பி வந்து, எங்கள் அண்ணாவின் சிக்கனத்தால் சாவதா? சுவிட்சே இல்லாத சூடு ஒன்று வேண்டும் என்று வீடெல்லாம் தேடினேன்.

அப்படி ஒரே ஓர் இடம்தான் இருந்தது. குசினிக்குப் பக்கத்தில், வீட்டுக்கெல்லாம் சுடுதண்ணீர் தரும் தாங்கி எப்போதும் சூடாக நிற்கும் அலுமாரி. அது மச்சாளின் கோட்டை. மெல்பேர்ன் குளிரில் தோசை மா புளிக்காது. இரண்டு நாள் வைத்தாலும் அரைத்த மாதிரியே கிடக்கும். அந்த அலுமாரிக்குள் வைத்தால் விடிய மா பொங்கி நிற்கும் என்று கண்டுபிடித்தவர் மச்சாள்தான். அதனால்தான் நகரத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் எங்கள் வீட்டுத் தோசைக்கு வரிசையில் நின்றன. அந்தக் கோட்டைக்குள் பாம்பை விடச் சொல்லிக் கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் கேட்கவில்லை.

பெட்டியைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்து, கண்ணாடிப் பக்கத்தைச் சுவரோடு திருப்பி, மேலே ஒரு துவாயை விரித்தேன். அதன் மேல் மாப்பானையை வைத்தேன்.

"மச்சாள், மாப்பானைக்கு ஒரு மேடை செய்து தந்திருக்கிறன். மேல இருந்தா இன்னும் நல்லாச் சூடு பிடிக்கும்."

மச்சாள் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "பாத்தியளே, பிள்ளைக்கு என்னில எவ்வளவு அக்கறை" என்று அண்ணாவிடம் சொன்னார். (மேடைதானே? நான் என்ன பொய் சொன்னேன்?) நிறைந்த பானை மலை மாதிரிப் பாரம். கொளுக்கிக்கு இனி என்ன தேவை? விடிய மா முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பொங்கியிருந்தது. செல்லத்துரையும் கண்ணைத் துலக்கமாக வைத்துக்கொண்டு நாக்கை நீட்டத் தொடங்கினான். பாம்பு என் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது என்று மச்சாள் நம்பினார். குனிந்து பார்க்க அவருக்குத் துணிவு இல்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. அன்றுதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை லண்டனில் கணக்காளர். அவருக்குப் பதிலாகப் பார்க்க வந்தவர்கள் இங்கே இருந்த அவருடைய மாமாவும் மாமியும். நாங்கள் அங்கிள், அன்ரி என்போம். மச்சாள் எனக்குச் சேலை கட்டி, முன்னறைக் கதிரையில் இருத்தி, "பாம்பு எண்ட சொல்லே வாயில வரப்படாது" என்று காதுக்குள் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார். வந்தவர்களின் கோட்டுகள் படுக்கையறைக் கட்டிலில் கிடந்தன. அவை குளிராமல் இருக்கப் பக்கத்தில் ஹீற்றரும் போட்டிருந்தார்கள். விருந்தாளிகள் வந்த நாளில் மட்டும் அண்ணா சுவிட்சில் கை வைக்கமாட்டார்.

"பிள்ளை படத்தில கொஞ்சம் வெள்ளையா இருந்தவ" என்றார் அன்ரி. "வயசும் கொஞ்சம் போட்டுது போல. பொழுதுபோக்கு என்ன?"

அந்த நேரம் பார்த்துக் குசினி மேசையில் 'டங்' என்று மாப்பானை இறங்கிய சத்தம் கேட்டது.

தோசை சுட வேண்டுமென்றால் பானையை எடுக்கத்தான் வேண்டும் என்பது, விலங்கியல் படித்த என் மூளைக்கு அதுவரை எட்டவில்லை.

"பாட்டு! பாட்டுப் பாடுவா!" என்று குசினிக்குள் இருந்து மச்சாள் கத்தினார்.

"சம்பலுக்கு உதவி செய்திட்டு வாறன்" என்று எழுந்து ஓடினேன். மச்சாள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். அலுமாரிக் கதவு திறந்தபடி, துவாய் கீழே கிடந்தது. மூடி இரண்டு விரல் அளவு விலகியிருந்தது. பூச்சாடிக்குள் யாரும் இல்லை.

பிறகு நான் செய்தது உலகத்தில் எந்தப் பெண்ணும் பெண்பார்க்கும் நாளில் செய்யாத காரியம். முன்னறைக்கு வந்து, சேலையைத் தூக்கிச் செருகி, முழங்காலில் நின்று, அன்ரியின் கதிரைக்குக் கீழே தலையை விட்டேன்.

"தோடு விழுந்திட்டுது" என்றேன்.

பாவம், நல்ல மனுசி. அன்ரியும் முழங்காலில் இறங்கினார். அங்கிள் கம்பளத்தைத் தூக்கினார். அண்ணா மேசையை நகர்த்தினார். நாலு பேருமாகத் தவழ்ந்துகொண்டிருந்தபோது அன்ரி என் முகத்துக்கு நேரே நிமிர்ந்தார்.

"பிள்ளை, ரெண்டு தோடும் காதில கிடக்கே?"

அதற்குப் பிறகு பேச்சு ஓடவில்லை. தோசையைச் சாப்பிட்டார்கள். நல்ல தோசை. ஆனால் அன்ரி என்னை ஒருமாதிரிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் வெளிக்கிட்டார்கள். அண்ணா மரியாதையாகக் கோட்டை எடுத்து வந்து பிடிக்க, அங்கிள் கையை நுழைத்தார். பாதியில் நின்றார்.

"உள்ளுக்க ஏதோ கிடக்கு" என்றார்.

கை வரவேண்டிய இடத்தால் செல்லத்துரையின் தலை வந்தது. வாசலை ஒருமுறை பார்த்தது. வெளியே குளிர் என்று தெரிந்ததோ என்னவோ, திரும்பி அங்கிளின் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

அன்ரி போட்ட சத்தம் அடுத்த தெரு வரை கேட்டிருக்கும். அங்கிளோ கையை நீட்டியபடி வயல் வெருளி மாதிரி நின்றார்.

"அங்கிள், கையை ஆட்டாதேங்கோ. அவன் பயந்திடுவான்."

"அவன் பயந்திடுவானோ?" என்றார் அங்கிள்.

நான் மெதுவாக உருவி எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். சேலைக்கும் அந்தக் கோலத்துக்கும் நல்ல பொருத்தம். அன்ரி சுவரோடு ஒட்டி நின்று விரலை நீட்டினார்.

"பாம்பு வளக்கிற பொம்பிளையை ஆர் கலியாணம் செய்வினம்? சீ! இதென்ன குடும்பம்!"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் மச்சாளின் குரல் கேட்டது. கையில் தோசை திருப்பிய தட்டகப்பையோடு நின்றார். முகம் சிவந்திருந்தது. என் கதை முடிந்தது, செல்லத்துரையின் கதையும் முடிந்தது என்று நினைத்தேன்.

"அன்ரி, எங்கட பாம்பு குளிருக்குப் போய்க் கோட்டுக்குள்ள படுத்தது. அவ்வளவுதான். அது ஆரையும் ஒரு சொல் சொல்லேல்ல. நீங்கள்தான் வந்த நேரம் தொடக்கம் பிள்ளை கறுப்பு, பிள்ளைக்கு வயசு போட்டுது எண்டு கொத்திக்கொண்டு இருக்கிறியள்."

எங்கட பாம்பு! அதுவரை 'உன்ர சனியன்' என்று மட்டுமே அழைக்கப்பட்டவன் அவன். இந்த இடத்தை என் குடும்பம் கதை சொல்லும்போது விட்டுவிடும், மச்சாளுக்கு வெட்கம் என்று. நான் விடமாட்டேன்.

அன்ரி விறுவிறென்று காருக்குப் போனார். அங்கிள் மட்டும் வாசலில் தயங்கி, "நல்ல சூடாத்தான் இருந்தவன்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கதவு பூட்டியதும் மச்சாள் என் பக்கம் திரும்பினார். "மேடை?" என்றார். அந்த ஒரு சொல்லோடு பல நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அண்ணா திங்கட்கிழமை வேலையால் வரும்போது இரண்டு கொளுக்கி வாங்கி வந்து தானே பூட்டினார். அடுத்த முறை மா அரைத்தபோது மச்சாள் அதே பெட்டியின் மேல் பானையைத் தூக்கி வைத்தார். "கொளுக்கி இருந்தாலும் இருக்கட்டும்" என்றார். அந்தக் கிழமையே செல்லத்துரை சாப்பிட்டான். பிறகு பல வருசம் சாப்பிட்டு, அண்ணாவை விட நீளமாக வளர்ந்தான்.

லண்டன் கணக்காளர் யாரைக் கட்டினாரோ தெரியாது. நான் கட்டியவருக்கு முதல் நாளே பெட்டியைக் காட்டினேன். ஓடவில்லை.

இப்போது மச்சாளின் மகள் மெல்பேர்னின் புறநகரான ட்ருகனினாவில் இருக்கிறாள். மா புளிக்க வைப்பதற்கென்றே ஒரு மின்சாரப் பாத்திரம் வைத்திருக்கிறாள். அங்கேயும் ஞாயிறு காலை அதைத் தூக்குமுன் "பானையை எடுக்கிறன்!" என்று யாராவது கத்த வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து "கோட்டை உதறுங்கோ!" என்று கத்த வேண்டும். தமிழ் பேச மாட்டோம் என்று ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பேரப்பிள்ளைகள் கூட இதை மட்டும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் கத்துகிறார்கள். எண்பதைத் தாண்டிய அண்ணா, ஆளில்லாத அறையில் விளக்கைக் கண்டால் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, "உள்ளுக்க ஆரும் படுத்திருக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டுத்தான் அணைப்பார்.

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் செய்த பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்குத் தோசைக்குப் பதிலாக இடியப்பம் அவித்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது.