அண்ணன் எனக்குக் கொடுக்காத பவர்

சிதம்பரம், உன் அப்பா வீட்டிலிருந்து,
செவ்வாய் மாலை.

அன்பு மகள் சினேகாவுக்குச் சித்தப்பா தட்சிணாமூர்த்தி ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அப்பாவும் அவருக்குத் தெரிந்தவரையில் சுகம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்கத் திருவந்திபுரம் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் என் குரல் போய்விடும், அதனால்தான் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பெரிதாக்கிப் படித்துக்கொள்.

இந்த வீட்டை விற்று அப்பாவைச் சென்னையில் ஒரு ஹோமில் சேர்க்கலாம், அதற்கு அவரிடம் என் பெயருக்குப் பவர் எழுதி வாங்குங்கள் என்று நீ சொன்னாயல்லவா, அந்த வேலையில் இறங்கினேன். பத்திரம் எழுதும் கதிர்வேல் முதலில் அடித்ததில் நான் அண்ணனாகவும் உன் அப்பா தம்பியாகவும் இருந்தோம். அதைத் திருத்தினால் கிழக்கு பார்த்த வீடு மேற்கே திரும்பிக்கொண்டது. மூன்றாம் தடவை எல்லாம் சரியாகி, 'சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் இல்லாமலும், என் நம்பிக்கைக்குரிய தம்பியாகிய தங்களுக்கு' என்று அவர் படித்துக் காட்டியபோது எனக்குப் பகீரென்றது. "தூண்டுதல்னா என்னாங்க?" என்று கேட்டேன். "நீங்க சொல்லிக் குடுத்து அவரு சொல்லக் கூடாது, அவ்ளோதான்" என்றார். இன்று காலை அப்பாவோடு ஆட்டோவில் ஏறியதிலிருந்து நான் செய்தது அது ஒன்றுதான். "நான் யாரு?" "மூர்த்தி." "மூர்த்தி யாரு?" "என் தம்பி." பத்து தடவை கேட்டேன், பத்துக்கும் சரியாகச் சொன்னார்.

பதிவு அலுவலகத்தில் கூட்டம். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு நைனா முகம்மதுவும் ஆசியா உம்மாளும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். ரிட்டயர் ஆனதை மறந்து, அப்பா நினைப்பில் இன்னும் ரயில்வே பார்சல் ஆபீசில்தான் இருக்கிறார் போல. பத்திரம் கையிலிருந்த ஒவ்வொருவரிடமும் போய், "வெயிட் போட்டாச்சா? ரசீது வாங்கிக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பயந்துபோய் ரசீது கேட்கக் கவுன்ட்டரில் நின்றார்கள். கைரேகை மெஷின் அவரை முதல் தடவையிலேயே அடையாளம் கண்டுகொண்டது. என்னைத்தான் நாலு தடவை விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னது. பிறகு சார்பதிவாளர் அம்மா என்னைக் காட்டி, "ஐயா, இவரு யாருங்க?" என்று கேட்டார்.

அப்பா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்ல மனுஷங்க. தெனமும் பஸ்ஸுல வந்து சாப்பாடு குடுத்துட்டுப் போறாரு. யாரு பெத்த புள்ளையோ" என்றார்.

"உங்களுக்குத் தம்பி இருக்காரா?"

"இருக்கான், கடலூர்ல. எம்மேல கோவம். வர்றதே இல்ல."

பொய்யில்லை, சினேகா. உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை உன் மாமா பெயருக்குக் கீழே அப்பா அச்சடித்துவிட்டார் என்று ஏழு வருஷம் இந்த வாசலை மிதிக்காமல் இருந்தவன் நான். உன் அம்மா காரியத்துக்குக்கூடத் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனேன். அந்த ஏழு வருஷம் அவர் மனசில் அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த இரண்டு வருஷம் யாரோ ஒருவருடைய கணக்கில் போய்விட்டது. நைனா முகம்மது, "அல்லா சாட்சியா இவருதாம்மா தம்பி" என்றார். சார்பதிவாளர் அம்மா நல்லவர், கண் கலங்கிவிட்டார். "புரியுதுங்க. ஆனா யாருக்குக் குடுக்கறோம்னு அவருக்கே தெரியணுமில்ல? கோர்ட்டுல கார்டியன் மனு போடுங்க" என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து நான் அழுதபோது, உன் அப்பாதான் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். "அழாதீங்க சார். பார்சல் தொலைஞ்சா கிளெய்ம் போடலாம், கெடைச்சிரும்."

எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது. உன் சித்தி போனபின் கடலூரில் தனிக்கட்டை. முட்டி வலியோடு தினமும் பஸ் ஏற இனி முடியாது. யாரோவாக இருப்பது அதைவிட முடியவில்லை. ஆகவே நீயே டிக்கெட் போட்டு வந்து, கோர்ட் வேலையை முடித்து, அப்பாவைச் சென்னைக்கு அழைத்துப் போ. இது என் முடிவான முடிவு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு நூறு முத்தம். நீங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் மறக்காமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

சித்தப்பா,
தட்சிணாமூர்த்தி

பி.கு.: இதை மேஜைமேல் வைத்துவிட்டுத் தோசை வார்க்கப் போனேன். திரும்பி வந்தால், உன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்து முடித்திருக்கிறார். "இத எழுதுனவரு யாருங்க?" என்றார். "தெரிஞ்சவருங்க" என்றேன். "பாவங்க. அவுங்க அண்ணனுக்கே அடையாளம் தெரியலியாமே. பாத்தீங்கன்னா இங்க வரச் சொல்லுங்க. பின்னாடி ரூம் சும்மாத்தான் கெடக்குது. எத்தன நாளு வேணாலும் இருக்கட்டும்." ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. டிக்கெட் போடாதே, வீட்டை விற்க வேண்டாம். நாளைக்குக் கடலூர் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். அவர் கூப்பிட்டுவிட்டார்.